அழுத்தினால் மாறும் இரும்பு: இரும்புச் சேர்ம மீக்கடத்திகளும் உயர் அழுத்தமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்பியல் படிக்கும் மாணவர்களும், அறிவியல் செய்திகளை விடாமல் பின்தொடரும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பள்ளி இறுதி வகுப்பு இயற்பியல் தெரிந்தால் போதும், இந்தப் பக்கத்தைப் படித்துவிடலாம்.

இரும்புச் சேர்ம மீக்கடத்தி என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்கும்போது மின்தடை முற்றிலும் மறைந்து, காந்தப்புலத்தையும் தன் உடலிலிருந்து வெளியே தள்ளும் பொருள் மீக்கடத்தி. அந்த எல்லைக்கு மாறுநிலை வெப்பநிலை என்று பெயர். 1911-இல் காமர்லிங் ஓன்னஸ் பாதரசத்தில் இதைக் கண்டபோது அந்த எல்லை ஏறத்தாழ 4.2 கெல்வின்.

இரும்புச் சேர்மங்களில் இரும்பு அணுக்கள் ஒரு தட்டையான சதுர வலையாக அமர்ந்திருக்கும். அந்த வலைக்கு மேலும் கீழும் ஆர்செனிக் அல்லது செலினியம் அணுக்கள் மாறி மாறி நிற்கும். ஒவ்வோர் இரும்பு அணுவையும் சுற்றி நான்கு ஆர்செனிக் அணுக்கள் ஒரு நான்முகியை அமைக்கின்றன. இந்த அடுக்குதான் குடும்பம் முழுவதற்கும் பொது. அடுக்குகளுக்கு இடையில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கிளைகள் பிரியும். லாந்தனமும் ஆக்சிஜனும் சேர்ந்த அடுக்கை வைத்தால் 1111 கிளை, பேரியத்தை வைத்தால் 122 கிளை, லித்தியத்தை வைத்தால் 111 கிளை. ஒன்றுமே வைக்காமல் இரும்பையும் செலினியத்தையும் மட்டும் அடுக்கினால் அது 11 கிளை. இந்த எண்கள் அணுக்களின் விகிதத்தைக் குறிக்கின்றன.

இரும்பு காந்தப் பொருள் ஆயிற்றே. காந்தம் மீக்கடத்துத்திறனைக் கெடுக்கும் என்றுதானே பாடப் புத்தகம் சொல்கிறது?

ஆம். மீக்கடத்திக்குள் எலக்ட்ரான்கள் இணை இணையாகச் செல்கின்றன. வழக்கமான இணையில் ஒன்றின் தற்சுழற்சி மேல்நோக்கியும் மற்றதன் தற்சுழற்சி கீழ்நோக்கியும் இருக்கும். வலிய காந்தம் இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்பி இணையைப் பிரித்துவிடும். அதனால்தான் நெடுங்காலம் இந்தத் துறையில் இரும்பை யாரும் தேடிப் போகவில்லை.

ஆனால் அழுத்தம் தூய இரும்பையே மாற்றிக் காட்டியது. 15 முதல் 30 ஜிகாபாஸ்கல் வரையிலான அழுத்தத்தில், 2 கெல்வினுக்குக் கீழே தூய இரும்பு மீக்கடத்தியாவதை 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த அழுத்தத்தில் இரும்பு வேறொரு படிக அமைப்புக்குத் தாவி, தன் காந்தத்தன்மையை விட்டுவிடுகிறது. ஏழு ஆண்டுகள் கழித்து வந்த பெரிய கண்டுபிடிப்பின் முன்னறிவிப்பாகவே இதை நான் இன்றும் பார்க்கிறேன். இரும்பின் காந்தத்தை அடக்கினால் வேறு ஒன்று தலைதூக்கும் என்று அது காட்டியது.

ஒரு ஜிகாபாஸ்கல் என்பது எவ்வளவு?

ஏறத்தாழ பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம். கடலின் மிக ஆழமான இடமான மரியானா அகழியின் அடியில்கூட 0.11 ஜிகாபாஸ்கல் அளவே உண்டு. இந்தப் பக்கத்தில் பேசப்படும் எண்கள் பெரும்பாலும் 0.3-இலிருந்து 13 ஜிகாபாஸ்கலுக்குள் அடங்கும்.

2008-இல் என்ன நடந்தது? அழுத்தத்துக்கு அதில் என்ன பங்கு?

ஹிடியோ ஹோசோனோவின் குழு டோக்கியோ தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒளிபுகும் குறைகடத்திகளைத் தேடிக்கொண்டிருந்தது. அந்தத் தேடலில் 2006-இல் லாந்தனம், இரும்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு சேர்மம் ஏறத்தாழ 4 கெல்வினில் மீக்கடத்தியாவதைக் கண்டார்கள். பெரிதாக யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்செனிக்கை வைத்து, ஆக்சிஜனில் ஒரு பகுதியை ஃப்ளூரினாக மாற்றியபோது 26 கெல்வின் கிடைத்தது. அது 2008 பிப்ரவரி.

அடுத்த அடியை எடுத்து வைத்தது அழுத்தம். ஹிரோகி தகாஹாஷியும் ஹோசோனோ குழுவினரும் அதே சேர்மத்தை ஏறத்தாழ 4 ஜிகாபாஸ்கல் வரை அழுத்தினார்கள். 26 கெல்வின் 43 கெல்வினாக உயர்ந்தது. வேதிப்பொருளில் ஓர் அணுவைக்கூட மாற்றவில்லை, இறுக்கியது மட்டுமே.

இந்தச் செய்தி வேதியியலாளர்களுக்கு ஒரு வழியைக் காட்டியது. வெளியிலிருந்து அழுத்தினால் உயர்கிறது என்றால், உள்ளேயே சிறிய அணுவை வைத்து அணிக்கோவையை, அதாவது படிகத்தில் அணுக்கள் அமர்ந்திருக்கும் ஒழுங்கான சட்டகத்தை, சுருக்கினாலும் உயரவேண்டும் அல்லவா? லாந்தனத்தின் இடத்தில் அதைவிடச் சிறிய சீரியம், நியோடிமியம், சமாரியம் ஆகியவற்றைப் பல குழுக்கள் போட்டி போட்டுக்கொண்டு வைத்துப் பார்த்தன. சில வாரங்களுக்குள் சமாரியச் சேர்மம் சாதாரண அழுத்தத்திலேயே 55 கெல்வினைத் தொட்டது. பெய்ஜிங்கில் ஜாவ் ஜாங்ஷியான் குழு எட்டிய எண் அது. இந்தக் குடும்பத்தின் பருமனான படிகங்களில் இன்றைக்கும் உச்சம் அந்த வட்டாரத்திலேயே நிற்கிறது. அழுத்தச் சோதனை ஒரு திசைகாட்டியாக வேலை செய்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அழுத்தும்போது உள்ளே உண்மையில் என்ன மாறுகிறது?

இரண்டு கதைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முதலாவது காந்தக் கதை. மாசூட்டாத, அதாவது வேற்று அணுக்களைக் கலக்காத, தாய்ச் சேர்மங்களில் பெரும்பாலானவை மீக்கடத்திகள் அல்ல. பேரியம்–இரும்பு–ஆர்செனிக் சேர்மத்தை 140 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்தால், இரும்பு அணுக்களின் காந்தத் திருப்புதிறன்கள் வரி வரியாக ஒழுங்குபடுகின்றன. ஒரு வரி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்த வரி எதிர்ப்பக்கம் பார்க்கும். கூடவே சதுரமாக இருந்த வலை இலேசாக நீண்டு செவ்வகமாகிறது. அழுத்தும்போது அணுக்கள் நெருங்கி, எலக்ட்ரான்கள் ஓர் அணுவிலிருந்து மற்றோர் அணுவுக்கு எளிதாகத் தாவுகின்றன. அப்படித் தாவும் எலக்ட்ரான்களால் காந்த ஒழுங்கைக் கட்டிக்காக்க முடிவதில்லை. ஒழுங்கு தளர்ந்து மறையும் இடத்தின் அருகே மீக்கடத்துத்திறன் தோன்றுகிறது. பேரியச் சேர்மமும் ஸ்ட்ரான்சியச் சேர்மமும் இப்படி 30 கெல்வினை நெருங்குகின்றன.

ஒழுங்கு குலைந்தாலும் காந்தம் அடியோடு போய்விடுவதில்லை என்பது இங்கே முக்கியம். அது ஓரிடத்தில் உறையாமல் அலைந்துகொண்டிருக்கிறது. அந்த அலைவுதான் எலக்ட்ரான்களை இணைசேர்க்கிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். முழுமையாக நிறுவப்பட்ட கோட்பாடு என்று அதை நான் சொல்லமாட்டேன். ஆனால் அழுத்தம் தரும் வரைபடங்கள் அதன் பக்கமே சாய்கின்றன.

இரண்டாவது வடிவக் கதை. இரும்பைச் சுற்றியுள்ள நான்முகி எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்பதற்கும் மாறுநிலை வெப்பநிலைக்கும் வலுவான தொடர்பு காணப்படுகிறது. முழு ஒழுங்கான நான்முகியில் பிணைப்புக் கோணம் 109.47 பாகை. உயர்ந்த வெப்பநிலையில் மீக்கடத்தும் 1111 சேர்மங்கள் பலவும் அந்தக் கோணத்தின் அருகில் இருக்கின்றன. மற்றோர் அளவு, இரும்புத் தளத்திலிருந்து ஆர்செனிக்கோ செலினியமோ நிற்கும் உயரம். அது ஏறத்தாழ 1.38 ஆங்ஸ்ட்ராம் ஆகும்போது மாறுநிலை வெப்பநிலை உச்சமடைகிறது. ஒரு சேர்மம் இந்த உகந்த இடத்துக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பொறுத்து அழுத்தம் அதை அருகில் கொண்டுவரலாம், தள்ளியும் விடலாம். இது அனுபவ விதிதான். விலகும் சேர்மங்களும் உண்டு.

சிறிய அணுவை வைப்பதும் வெளியிலிருந்து அழுத்துவதும் ஒன்றா?

நெருங்கிய உறவினர், இரட்டையர் அல்லர். பேரியச் சேர்மத்தில் ஆர்செனிக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சற்றே சிறிய பாஸ்பரஸால் மாற்றினால் 30 கெல்வின் அளவில் மீக்கடத்துத்திறன் கிடைக்கிறது. எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறுவதில்லை, அணிக்கோவை மட்டும் சுருங்குகிறது. வெளி அழுத்தத்தில் கிடைக்கும் வரைபடத்தோடு இது வியக்கும்படி ஒத்துப்போகிறது. ஆனால் அணுவை மாற்றும்போது படிகத்தில் ஒழுங்கின்மையும் சேர்ந்தே புகுந்துவிடும். வெளி அழுத்தத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஒரே படிகத்தை, அதே தூய்மையில், படிப்படியாக மாற்றிப் பார்க்கலாம்.

இரும்பு செலினைடைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்?

ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் அமைப்பில் மிக எளியது அதுதான், அழுத்தத்துக்கு மிக அதிகமாக அசைந்துகொடுப்பதும் அதுதான். 2008-இல் தைவானில் வூ மாவ்-குவென் குழு அதை 8 கெல்வின் மீக்கடத்தியாக அறிவித்தது. அதே ஆண்டில் ஜப்பானில் 1.48 ஜிகாபாஸ்கல் அழுத்தத்தில் 27 கெல்வினில் மீக்கடத்துத்திறன் தொடங்குவதைக் கண்டார்கள். 2009-இல் 8.9 ஜிகாபாஸ்கலில் 36.7 கெல்வின். நான்கு மடங்குக்கும் மேற்பட்ட உயர்வு! அடுக்குகளுக்கு இடையே எந்த அணுவும் இல்லாததால் இது மென்மையான படிகம். கொஞ்சம் இறுக்கினாலே அடுக்குகள் நெருங்கிவிடுகின்றன.

ஆனால் அந்த உயர்வு நேர்கோடு அன்று. அதனுள் நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சாதாரண அழுத்தத்தில் இரும்பு செலினைடு 90 கெல்வினில் சதுரத்திலிருந்து செவ்வகமாகிறது. அதாவது படிகம் இரண்டு திசைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. உறவினர்களில் இந்த மாற்றத்தோடு காந்த ஒழுங்கும் வந்துவிடும். இதில் வருவதில்லை. அழுத்தத் தொடங்கினால் அந்தத் திசைத் தேர்வு படிப்படியாக அடங்கி 2 ஜிகாபாஸ்கல் அளவில் மறைகிறது. அது அடங்கிக்கொண்டிருக்கும்போதே, 1 ஜிகாபாஸ்கலை நெருங்கும் இடத்தில், இதுவரை இல்லாத காந்த ஒழுங்கு புதிதாகத் தோன்றுகிறது. அது தோன்றும் இடத்தில் மாறுநிலை வெப்பநிலை சற்றே சரிந்து, பிறகு மீண்டும் ஏறுகிறது. அழுத்தம் காந்தத்தை அழிக்கும் என்று மேலே சொன்னேன். இங்கே முதலில் அதை உண்டாக்குகிறது! இன்னும் அழுத்தினால் அந்தக் காந்த ஒழுங்கும் குவிமாடம்போல் உயர்ந்து தாழ்கிறது. அது மறையும் 6 ஜிகாபாஸ்கல் அளவில்தான் மீக்கடத்துத்திறன் 38 கெல்வின் என்ற உச்சத்தை அடைகிறது. திசைத் தேர்வு, காந்தம், மீக்கடத்துத்திறன் ஆகிய மூன்றையும் ஒரே படிகத்தில், ஒரே திருகைத் திருகித் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடிவது அரிய வாய்ப்பு.

9 ஜிகாபாஸ்கலுக்கு அப்பால் மாறுநிலை வெப்பநிலை இறங்குகிறது. அடுக்கு அமைப்பு குலைந்து, மீக்கடத்தாத அறுகோண அமைப்பு தலையெடுக்கிறது.

அப்படியானால் அழுத்தினால் எப்போதும் நல்லதா?

இல்லை. லித்தியம்–இரும்பு–ஆர்செனிக் சேர்மம் சாதாரண அழுத்தத்திலேயே 18 கெல்வினில் மீக்கடத்தி. அழுத்த அழுத்த அது இறங்கிக்கொண்டே போகிறது. அதன் அடுத்த வீட்டுக்காரனான சோடியம் சேர்மமோ அழுத்தத்தில் 30 கெல்வின் வரை ஏறுகிறது. பொட்டாசியம்–இரும்பு–ஆர்செனிக் சேர்மம் இன்னும் விசித்திரமானது. ஏறத்தாழ 3.5 கெல்வினில் தொடங்கி இறங்கி, 1.75 ஜிகாபாஸ்கல் அளவில் சட்டென்று திரும்பி ஏறத் தொடங்குகிறது. எலக்ட்ரான்கள் இணைசேரும் முறையே அந்த இடத்தில் மாறுகிறது என்று அதைக் கண்டவர்கள் விளக்கினார்கள்.

ஒரே சேர்மத்துக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் வெவ்வேறு முடிவு சொல்கின்றனவே. யார் சொல்வது சரி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கால்சியம்–இரும்பு–ஆர்செனிக் சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். 170 கெல்வினில் காந்த ஒழுங்குக்குப் போகும் படிகம் இது. 2008-இல், அரை ஜிகாபாஸ்கல்கூட எட்டாத சிறிய அழுத்தங்களிலேயே ஏறத்தாழ 12 கெல்வினில் மின்தடை மறைவதைக் கண்டார்கள். இவ்வளவு சிறிய அழுத்தத்தில் மீக்கடத்தியா என்று துறையே பரபரப்படைந்தது. கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. 0.35 ஜிகாபாஸ்கல் அளவில் இந்தப் படிகம் செங்குத்துத் திசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சரிந்து விழுகிறது. மேலடுக்கின் ஆர்செனிக்கும் கீழடுக்கின் ஆர்செனிக்கும் கைகோத்துப் புதிய பிணைப்பை உண்டாக்குவதால் நேரும் சரிவு இது. சரிந்த நிலையில் இரும்பின் காந்தத் திருப்புதிறன் அணைந்துபோகிறது.

சிக்கல் அங்கேதான் இருந்தது. முதல் சோதனைகளில் படிகத்தைச் சுற்றி இருந்தது எண்ணெய் போன்ற ஒரு திரவம். குளிர்விக்கும்போது அது உறைந்து திண்மமாகிவிடும். உறைந்த திண்மத்துக்குள் சிக்கிய படிகம் பத்து விழுக்காடு உருமாற முயன்றால் என்ன ஆகும்? ஒரு பக்கம் நெருக்குண்டு, மறுபக்கம் இழுபட்டு, உள்ளே பல நிலைகள் கலந்த ஒரு கலவையாகும். 2009-இல் ஹீலியத்தை ஊடகமாக வைத்து இதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். ஹீலியம் உறைந்தாலும் மிக மென்மையானது. எல்லாப் பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் அழுத்தும். அந்தச் சீரான அழுத்தத்தில் படிகம் முழுமையாக ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்குத் தாவியது. மீக்கடத்துத்திறன் எங்குமே தென்படவில்லை.

முதல் குழுவினர் தவறாக அளந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்கள் கண்டது உண்மையான மின்தடை மறைவு. ஆனால் அவர்கள் கொடுத்தது சீரற்ற அழுத்தம். பேரியச் சேர்மத்திலும் இதே கதை மென்மையாக நடக்கிறது: காந்தம் மறைந்து மீக்கடத்துத்திறன் தொடங்கும் அழுத்தம், எந்த ஊடகத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்துக் கணிசமாக மாறுகிறது. அடுக்குகளுக்குச் செங்குத்தாக அழுத்துவதும் அடுக்கின் தளத்திலேயே அழுத்துவதும் இந்தப் படிகங்களுக்கு வெவ்வேறு. ஆகவே எத்தனை ஜிகாபாஸ்கல் என்று கேட்பதற்கு முன், எதன் வழியாக, எந்தத் திசையில் என்று கேளுங்கள்.

மறைந்த மீக்கடத்துத்திறன் மீண்டும் தோன்றும் என்கிறார்களே?

தோன்றியிருக்கிறது. பொட்டாசியம் சேர்ந்த இரும்பு செலினைடு 32 கெல்வின் அளவில் மீக்கடத்தி. அழுத்தும்போது அது இறங்கி, 10 ஜிகாபாஸ்கலுக்குள் அறவே மறைகிறது. 2012-இல் சுன் லிலிங்கும் உடன் ஆய்வாளர்களும் அதோடு நிறுத்தாமல் தொடர்ந்து அழுத்தினார்கள். 11.5 ஜிகாபாஸ்கலைத் தாண்டியதும் 48 கெல்வினில், முன்பைவிட உயரத்தில், புதிய மீக்கடத்துத்திறன் எழுந்தது. 13 ஜிகாபாஸ்கலைச் சற்றே கடந்ததும் அதுவும் போய்விட்டது. எவ்வளவு குறுகிய சாளரம்! வரைபடத்தின் கோடு சுழியைத் தொட்டவுடன் கருவியை அணைத்துவிடாத பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்றே இதைச் சொல்வேன்.

இவ்வளவு அழுத்தத்தை எப்படி உண்டாக்குகிறார்கள்? எப்படி அளக்கிறார்கள்?

3 ஜிகாபாஸ்கல் அளவு வரை உருளையும் உந்துதண்டும் போதும். பெரிலியம் கலந்த செம்பு போன்ற காந்தமற்ற வலிய உலோகத்தில் அதைக் கடைவார்கள். அதற்கு மேலே பல பக்கங்களிலிருந்தும் நெருக்கும் கனசதுர வகைக் கருவி, அல்லது வைரப் பட்டடைக் கலம். கொல்லுப் பட்டறையின் பட்டடைக்கல்போல் இரண்டு வைரங்களின் முனைகளை எதிரெதிரே வைத்து, நடுவில் உலோகத் தகட்டின் சிறு துளைக்குள் மாதிரியை அடைப்பார்கள். வைரத்தின் முனை அரை மில்லிமீட்டர் அளவே இருப்பதால், கையால் திருகும் திருகாணியே பல ஜிகாபாஸ்கலைத் தந்துவிடும். இந்தக் கலம் 1958-இல் அமெரிக்கத் தரநிலை அலுவலகத்தில் பிறந்தது. கடத்தல்காரர்களிடமிருந்து பறிமுதல் செய்யப்பட்ட வைரங்கள்தான் தொடக்கச் சோதனைகளுக்கு உதவின.

அளப்பதற்கு, மாதிரியின் அருகில் ஒரு மாணிக்கத் துகளை வைப்பார்கள். லேசர் பட்டதும் அது 694.2 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். அந்த அலைநீளம் ஒரு ஜிகாபாஸ்கலுக்கு ஏறத்தாழ 0.365 நானோமீட்டர் நகரும். குளிரில் அளப்பதற்கு ஈயத்துண்டும் பயன்படும். ஈயத்தின் மாறுநிலை வெப்பநிலையான 7.2 கெல்வின் அழுத்தத்தில் எவ்வளவு இறங்கும் என்பது நன்கு தெரிந்த கணக்கு.

அழுத்தத்தை எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடுமா?

பெரும்பாலும் ஆகிவிடும். அதனால்தான் இந்த உயர் வெப்பநிலைகளை நேரடியாகக் கம்பியாகவோ சுருளாகவோ மாற்ற முடிவதில்லை. ஆனால் 2021-இல் ஹூஸ்டனில் பால் சூ குழு ஒரு நம்பிக்கையூட்டும் வழியைக் காட்டியது. இரும்பு செலினைடை அழுத்தத்தில் வைத்து, நன்கு குளிர்வித்து, பிறகு அழுத்தத்தைச் சட்டென்று விடுவித்தார்கள். அழுத்தத்தில் பெற்ற உயர்நிலை, 37 கெல்வின் வரையிலான மாறுநிலை வெப்பநிலையோடு, அழுத்தமே இல்லாமல் படிகத்தில் தங்கியது. காய்ச்சிய இரும்பை நீரில் தோய்த்து அதன் கடினத்தை நிலைநிறுத்தும் கொல்லரின் உத்தியோடு இதற்கு உறவு உண்டு.

அறை வெப்பநிலை மீக்கடத்தி இந்த வழியில் வருமா?

இரும்புச் சேர்மங்கள் வழியாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஓட்டத்தில் முன்னிற்பவை ஹைட்ரஜன் மிகுந்த சேர்மங்கள். லாந்தனம் ஹைட்ரைடு 250 கெல்வினை எட்டியது, ஆனால் அதற்கு 170 ஜிகாபாஸ்கல் வேண்டியிருந்தது. இரும்புச் சேர்மங்களின் மதிப்பு வேறு இடத்தில்: மிகச் சிறிய அழுத்தங்களிலேயே பெரிய மாற்றங்களைக் காட்டி, மீக்கடத்துத்திறனும் காந்தமும் எப்படி இடம் மாற்றிக்கொள்கின்றன என்பதை அவை கண்முன் நிறுத்துகின்றன.

இந்தத் துறையின் கட்டுரை ஒன்றைப் படிக்கும்போது முதலில் எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் ஊடகம். ஹீலியமா, எண்ணெயா, உப்புத்தூளா? அடுத்து, சொல்லப்படும் அழுத்தம் அறை வெப்பநிலையில் அளந்ததா, குளிரில் அளந்ததா? உந்துதண்டுக் கலத்தைக் குளிர்விக்கும்போதே அழுத்தம் குறைந்துவிடும். பிறகு, மின்தடை சுழியைத் தொட்டதா, அல்லது சரியத் தொடங்கிய வெப்பநிலையை மட்டும் தலைப்பில் போட்டிருக்கிறார்களா? கடைசியாக, காந்தப்புலத்தைப் படிகம் வெளித்தள்ளியதற்கான அளவீடு உண்டா என்று தேடுங்கள். படிகத்தினுள் மெல்லிய இழைபோன்ற ஒரு பாதை மட்டும் மீக்கடத்தியானால்கூட மின்தடை சுழியாகிவிடும். கால்சியச் சேர்மத்தில் துறையே ஓராண்டு அலைந்தது இப்படியொரு கேள்வியின் பின்னால்தான்.